வெட்டு விழுற இடம்

அன்பு மச்சான்,

உன்ட வொய்ஸ் மெசேஜ் ரெண்டும் கேட்டன். மகள் கம்பஸுக்கு எடுபட்டிட்டா எண்டதும் சரியான சந்தோசம், அம்மாக்கிட்ட சொன்னன், "நேத்துத்தானே மனே அந்தப் புள்ளயத் தூக்கிக்கிட்டு வந்தான்" எண்டு அவ நம்பவே மாட்டன் எண்டுறா. இஞ்ச எல்லாரும் சுகம். கல்லடியில மழை விடுறதா இல்ல, கரண்டும் வாறதும் போறதுமா இரிக்கு.

நீ கேட்டாய் தானே, படம் எடிட் பண்ணுறது தேவையில்லாதத வெட்டி எறியிற வேலைதானே, அதுக்கு ஏன் இவ்வளவு நாள் எண்டு. சினிமா தொடங்கின காலத்துல வெட்டே கிடையாது மச்சான், 1895ல பிரான்ஸ்காரர் லூமியர் சகோதரர் காட்டின படமெல்லாம் ஒவ்வொண்டும் ஒரு நிமிசமும் வராது, கேமராவ வெச்சா வெச்ச இடந்தான். 1903ல எட்வின் போர்ட்டர் எண்ட அமெரிக்கக்காரன் ரயில் கொள்ளைய எடுக்கக்குள்ள, கள்ளன்மார் தப்பி ஓடுறதக் காட்டிப்போட்டு, மறுகா அவங்க கட்டிப்போட்ட தந்திக்காரன மகள் வந்து அவிழ்த்து விடுறதக் காட்டுறான். சனம் குழம்பாமப் பாத்திச்சு. 1924ல பிலிம ஓட்டிப் பாத்து வெட்டுற மூவியோலா மெசின் வாற வரைக்கும் பிலிமக் கையில பிடிச்சு வெளிச்சத்துல பாத்துத்தான் வெட்டினது, அந்த வேலை செஞ்சதுல கனபேர் பொம்பிளையள், பேர் கூடப் போடல்ல அவங்கட. அத நினைச்சா எனக்கு இப்பவும் வேகும்.

ஆனா என்னப் பிடிச்சு ஆட்டுறது ருஷ்யாப் படக்காரன் குலெஷோவ் செஞ்ச பரீட்சைதான். ஒரு நடிகன்ட ஒரே முகம், ஒண்டும் காட்டாத முகம். அதுக்குப் பக்கத்துல ஒருக்கா சூப் கோப்பை, ஒருக்கா சவப்பெட்டி, ஒருக்கா ஒரு பொம்பிளை. பாத்த ஆக்கள் பசி எண்டாங்களாம், துக்கம் எண்டாங்களாம், ஆசை எண்டாங்களாம். முகம் மாறவே இல்ல.

இப்ப என்ட மேசையில இரிக்கிறது எங்கட மட்டக்களப்புப் பக்கத்து வடமோடிக் கூத்து ஒண்டுட அரங்கேற்றம், ரெண்டு கேமராவுல விடிய விடிய எடுத்தது. கூத்த நடத்துற அண்ணாவியார்ட மத்தளச் சத்தத்தையும் சல்லரித் தாளச் சத்தத்தையும் அறுக்காம அடியில நீட்டி வெச்சிட்டுத்தான் மேல படத்த அடுக்கிறன். தாளம் தீருற இடத்துல வெட்டினா ஆட்டம் முறிஞ்சு போகுது. கால் தூக்கின பாதியில வெட்டி, மத்தக் கேமராவுல அந்தக் கால் சலங்கையோட களரியில விழ விட்டா வெட்டினதே தெரியாது. ஹொலிவூட் எடிட்டர் வால்டர் மர்ச் ஒரு வெட்டுக்கு ஆறு அளவுகோல் வெச்சு, அதுல உணர்ச்சிக்கு மட்டும் 51 வீதம் குடுக்கிறார். நூத்துக்கு நூறு சரி.

அங்கதான் மச்சான் எனக்குச் சிக்கல். சனத்துக்குள்ள ஒரு ஆச்சி முந்தானையால கண்ணத் துடைக்கிறா. அபிமன்யு விழுற கட்டத்துக்குப் பின்னால அத வெச்சா பாக்கிறவன் அழுதிருவான். ஆனா அவ துடைச்சது கூத்துத் தொடங்க முதல், நுளம்புத்திரிப் புகையில. கதைப்படம் எண்டா நான் யோசிச்சே இருக்க மாட்டன். இது ஊர்ட பதிவு, அவட பேரப்புள்ளையள் நாளைக்குப் பாத்து ஆச்சி அழுதவ எண்டு நம்புங்கள். அத அங்கருந்து தூக்கிட்டன். அந்த இடத்துல அண்ணாவியார்ட கை மட்டும் வருது, உண்மையிலேயே அந்த நேரத்துல எடுத்த கை.

நீ என்ன சொல்றாய்? ஒரு துண்டு அனுப்புறன், மகளோட இருந்து பாத்துப்போட்டு எங்க அலுப்படிச்சுது எண்டு மறைக்காமச் சொல்லு. உன்னட்ட இரிக்கிற பழைய விஎச்எஸ் கசெட்டையும் பூஞ்சணம் பிடிக்க முதல் ஆரிட்டயாவது குடுத்து அனுப்பிவிடு, நான் கொம்பியூட்டர்ல ஏத்தித் தாறன்.

அன்போட,
உன்ட கல்லடியான்