டயர் விலை கேட்கும் முன்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"அண்ணே, 205/55 R16, நாலும் போட்டா எவ்வளவு?" வாட்ஸ்அப்பில் எங்களுக்கு அடிக்கடி வரும் செய்தி, டயர் அளவைச் சொல்லி விலை கேட்கும் இந்த ஒரு வரிதான். முன்பெல்லாம் உடனே விலையை அனுப்பிவிடுவோம். இப்போது பதிலுக்கு நாங்களும் நாலு கேள்வி கேட்கிறோம். என்ன வண்டி, மாதம் எவ்வளவு தூரம் ஓடும், மலேசியா போவதுண்டா, சிஓஇ (வண்டி வைத்திருக்க அரசு தரும் உரிமைச் சான்றிதழ்) முடிய எத்தனை வருடம் இருக்கிறது? சிலருக்கு இது எரிச்சல். "விலையைக் கேட்டால் ஜாதகத்தைக் கேட்கிறீர்களே" என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். மழையும் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வரும் நேரம் இது. ஏன் கேட்கிறோம் என்பதை ஒருமுறை விளக்கமாக எழுதிவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்று தோன்றியது.

சிங்கப்பூரில் பனி விழாது, மண் சாலை கிடையாது. விரைவுச்சாலையிலேயே அதிகபட்ச வேகம் 90 கிலோமீட்டர்தான். இந்த ஊருக்கு எந்த டயரும் போதாதா என்று கேட்கத் தோன்றும். நம் சாலைகளில் டயரைச் சோதிப்பது தண்ணீர். வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் வரும் என்று நாம் சொன்னாலும் மழை அதுவரை காத்திருப்பதில்லை. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, சுமத்ரா பக்கமிருந்து பலத்த காற்றோடு வரும் மழை பல நாள் விடியற்காலையிலேயே அடிக்கும். நவம்பரில் பிற்பகல் இடிமழை. காலையில் வேலைக்குக் கிளம்பித் தீவு விரைவுச்சாலையில் ஏறினால், முன்னால் போகும் லாரியின் பின்விளக்குகூடச் சரியாகத் தெரியாத அளவுக்குக் கொட்டும்.

ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அளவுதான். அந்த இடத்தில் தேங்கும் தண்ணீரை வெளியே தள்ளுவது டயரில் இருக்கும் பள்ளங்களின் வேலை. பள்ளத்தின் ஆழம் குறையக் குறைய அது தள்ளும் தண்ணீரும் குறையும். வேகமும் கூடினால் டயர் சாலையை விட்டுத் தண்ணீர்மேல் ஏறிவிடும். ஸ்டியரிங் சட்டென்று லேசாகிவிட்டதுபோல் இருக்கும், பிரேக்கை மிதித்தாலும் வண்டி கேட்காது. காற்று குறைந்த டயரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

சட்டப்படி பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. புதிய டயரில் ஏறக்குறைய 7 அல்லது 8 மில்லிமீட்டர் இருக்கும். பள்ளத்துக்குள்ளே குறுக்காகச் சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் தெரியும், பார்த்திருப்பீர்கள். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்தால் 1.6-ஐத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். நாங்கள் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றச் சொல்கிறோம். வியாபாரத்துக்காகச் சொல்கிறார்கள் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். வெயிலில் 3 மில்லிமீட்டர் டயர் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். மழையில்தான் வித்தியாசம் தெரியும், அப்போது தெரிந்து பயனில்லை.

இனி எந்த டயர் என்ற கேள்விக்கு வருகிறேன். பலர் நிறுவனத்தின் பெயரை மட்டும் சொல்கிறார்கள். அது பாதி பதில்தான். பிரிட்ஜ்ஸ்டோனையே எடுத்துக்கொள்ளுங்கள். டுரான்சா சொகுசுக்கு, பொட்டென்சா வேகத்துக்கும் வளைவில் பிடிமானத்துக்கும், எக்கோப்பியா எரிபொருள் மிச்சத்துக்கு. பெயர் ஒன்று, குணம் மூன்று. அதனால் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். பல டயர்களில் 'டிரெட்வேர்' என்று ஒரு எண்ணும் 'டிராக்‌ஷன்' என்று ஓர் எழுத்தும் இருக்கும். எண் கூடக் கூட டயர் மெதுவாகத் தேயும். எழுத்து ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும் திறனைக் காட்டும். ஏஏ உயர்ந்தது, அடுத்து ஏ, பி, கடைசியில் சி. ஐரோப்பிய லேபிள் ஒட்டிய டயர் என்றால் மேகமும் மழைத்துளியும் வரைந்த படத்துக்குக் கீழே ஏ முதல் இ வரை ஈரப் பிடிமான மதிப்பு இருக்கும்.

டிரெட்வேர் எண்ணில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த எண்ணைத் தருவது டயர் செய்த நிறுவனமேதான். ஒரே நிறுவனத்தின் இரண்டு டயரை ஒப்பிட உதவும், இரண்டு நிறுவனங்களை ஒப்பிட அதை முழுதாக நம்ப வேண்டாம். நீண்ட நாள் உழைக்கும்படி ரப்பரைக் கெட்டியாகச் செய்தால் ஈரத்தில் பிடிமானம் குறையும் வாய்ப்பு உண்டு. இரண்டையும் ஓரளவு சேர்த்துத் தரும் டயர்கள் இருக்கின்றன, விலைதான் கொஞ்சம் கூட. விலை மலிவு, எண் 500க்கு மேல், ஈரப் பிடிமானம் மட்டும் கீழ்மட்டம் என்று ஒரு டயர் வந்தால் அதை நாங்களே எடுத்துக் காட்டமாட்டோம். நீங்களாகக் கேட்டால் தருவோம், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு.

தனியார் வாடகைக் கார் ஓட்டும் நண்பர்களுக்கு உழைப்பு முக்கியம் என்பது எங்களுக்குத் தெரியும். பகலும் இரவும் ஓடும் வண்டி அது. அவர்களுக்கு டிரெட்வேர் உயர்ந்த டயரைத்தான் காட்டுகிறோம், ஆனால் டிராக்‌ஷன் ஏ-க்குக் கீழே போவதில்லை. வார இறுதியில் மட்டும் கோயிலுக்கும் தேக்கா சந்தைக்கும் வண்டி எடுப்பவர் கதை வேறு. அவருடைய டயர் தேய்வதற்கு முன் கிழடாகிவிடும். பள்ளம் நிறைய இருக்கும், ரப்பர் இறுகிப்போய் ஓரத்தில் மெல்லிய வெடிப்பு ஓடியிருக்கும். வெட்டவெளியில் நிறுத்தும் வண்டி என்றால் இன்னும் சீக்கிரம். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையில் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2325 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். ஐந்து வருடம் ஆன டயரை ஆண்டுக்கு ஒருமுறையாவது காட்டிச் சோதியுங்கள். பத்து வருடம் ஆனால் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். எங்களிடம் வாங்கும்போதும் இந்த எண்ணைப் பார்த்துவிட்டே வாங்குங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

சிஓஇ பற்றிக் கேட்பது இதனால்தான். ஒரு வருடத்தில் வண்டியைக் கொடுத்துவிடப் போகிறீர்கள் என்றால் விலை உயர்ந்த டயரை உங்கள் தலையில் கட்ட எங்களுக்கு மனமில்லை. நடுத்தர விலையில் ஈரப் பிடிமானம் நன்றாக உள்ள டயர் போதும். பழைய டயர் கிடைக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். நாங்கள் விற்பதில்லை. அது சாலையில் எந்தக் குழியில் விழுந்து எழுந்தது என்று யாருக்குத் தெரியும்?

இரண்டு டயர் மட்டும் மாற்ற வருபவர்களிடம் வழக்கமாக ஒரு வாக்குவாதம் நடக்கும். "முன்சக்கரம் இழுக்கிற வண்டி, முன் டயர்தான் தேய்ந்திருக்கு, புதுசை முன்னாடி போடுங்க" என்பார்கள். நாங்கள் புதியதைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்ததை முன்னுக்குக் கொண்டுவருவோம். மழையில் முன் டயர் வழுக்கினால் வண்டி திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின் டயர் வழுக்கினால் வண்டியின் பின்பக்கம் சுழன்றுகொண்டு வெளியே வரும். அதைச் சமாளிப்பது பந்தயம் ஓட்டுபவர்களுக்கே கஷ்டம். பெரிய டயர் நிறுவனங்களின் பரிந்துரையும் இதுதான்.

மலேசியா போகிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே உள்ளூரில் ஒரே மூச்சில் அரை மணி நேரம் வேகமாக ஓட்டினாலே அதிகம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் மணிக்கணக்காக ஓடுகிறீர்கள். வண்டியில் ஐந்து பேர், பின்னால் பெட்டிகள், பத்துமலைக்கோ கேமரன் மலைக்கோ பயணம். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி நிமிரும், அதில் சூடு ஏறிக்கொண்டே போகும். டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், தரமில்லாத டயர் அல்ல. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஆள் குறைவாக இருக்கும்போது ஓர் அளவும், வண்டி நிறைந்திருக்கும்போது இன்னோர் அளவும் போட்டிருப்பார்கள். பலர் முதல் அளவோடு நின்றுவிடுகிறார்கள். சோதனைச்சாவடியில் விதிப்படி முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்கிறதா என்று கவலைப்படுவதில் பாதியாவது காற்றுக்கும் காட்டினால் நல்லது.

காற்றை வண்டி ஓடுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். பக்கத்துப் பெட்ரோல் நிலையத்துக்கு மெதுவாக ஓட்டிப்போய்ப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் மச்சாப் ஓய்விடத்தில் நிறுத்திக் காற்றைப் பார்த்துவிட்டு, "அளவு ஏறிப்போச்சே" என்று திறந்துவிடாதீர்கள். ஓடிய சூட்டில் அழுத்தம் ஏறுவது இயல்பு. அங்கே குறைத்தால் டயர் ஆறிய பிறகு அளவுக்குக் கீழே போய்விடும். காற்றடிக்கும் இயந்திரத்தில் கிலோபாஸ்கல் காட்டினால் குழம்ப வேண்டாம், 230 கிலோபாஸ்கல் என்பது சுமார் 33 பிஎஸ்ஐ. இன்னொன்று, இப்போதைய வண்டிகள் பலவற்றில் மாற்றுச் சக்கரம் இல்லை, பசை ஊற்றும் பெட்டிதான் இருக்கும். பக்கவாட்டில் கிழிந்தால் அந்தப் பசை உதவாது. பயணத்துக்கு முன் பின்பக்கத்தைத் திறந்து என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

மின்சார வாகனம் வைத்திருப்பவர்கள் டயர் சீக்கிரம் தேய்கிறது என்று குறைப்படுகிறார்கள். பேட்டரியால் வண்டி கனம். மிதித்ததும் முழு இழுவிசையும் சக்கரத்துக்கு வந்துவிடும். தேயத்தான் செய்யும். இங்கே அளவைவிட முக்கியம் அளவுக்குப் பின்னால் வரும் எண். 205/55 R16 91V என்பதில் 91 என்றால் அந்த ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 94 என்றால் 670 கிலோ. உங்கள் வண்டிக்கு நிறுவனம் சொன்ன எண்ணுக்குக் கீழே நாங்கள் எந்த வண்டிக்கும் போடமாட்டோம், மின்சார வாகனத்துக்குக் கேட்கவே வேண்டாம். கடைசி எழுத்து வேக வரம்பு. வி என்பது 240 கிலோமீட்டர். இந்த ஊரில் எதற்கு 240 என்பீர்கள். அந்த எழுத்து டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதோடும் சேர்ந்தது, அதனால் அதையும் குறைப்பதில்லை.

பெரிய ரிம் ஆசை உள்ள தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. 16 அங்குலத்திலிருந்து 17க்கு, 225/45 R17 போட்டால் மொத்த உயரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், வேகமானியும் சரியாகவே காட்டும். ஆனால் டயரின் பக்கச்சுவர் 11 மில்லிமீட்டருக்கு மேல் குறைந்துவிடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி கார் நிறுத்துமிடத்தில் வளைந்து வளைந்து ஏறும்போது ஓரத்துச் சிமெண்டுக் கட்டையில் உரசினால் முன்பு ரப்பர் வாங்கிக்கொண்ட அடியை இனி ரிம் வாங்கும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டையில் இடித்த டயரின் பக்கச்சுவரில் சின்னதாக ஒரு புடைப்பு வந்தால் உள்ளே நூலிழை அறுந்துவிட்டது என்று பொருள். அதை ஒட்டவோ தைக்கவோ முடியாது. ஆணி ஏறியது நடுப்பகுதியில் என்றால் பஞ்சர் ஒட்டித் தருவோம், பக்கச்சுவரில் என்றால் வேறு டயர்தான்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்புங்கள். எஞ்சினை அணைத்து, கைப்பிரேக் போட்டுவிட்டு, முன் டயரின் உள்பக்க ஓரம் தெரியும்படி குனிந்து பாருங்கள். போன மாதம் வந்த ஒரு வண்டியில் வெளிப்பக்கம் 4 மில்லிமீட்டர் இருந்தது. உள்பக்கம் ரப்பர் முழுதாகத் தேய்ந்து, உள்ளே இருக்கும் கம்பி வலை நூல் நூலாகப் பிரிந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வண்டி கழுவும்போதுகூட உரிமையாளர் கண்ணில் பட்டிருக்காது. காரணம் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், விலகியது. அதைச் சரிசெய்யாமல் புதிய டயர் போட்டால் புதியதும் அதே வழியில் போகும். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ, நேராக ஓடும்போது கோணலாக நின்றாலோ, டயர் நன்றாக இருந்தாலும் காட்டிவிடுங்கள். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போடுவதும் தேய்மானத்தைச் சமமாக்கும்.

இனி விலை கேட்டு எழுதும்போது, கதவுத் தூணில் இருக்கும் அந்த ஸ்டிக்கரையும் இப்போதைய டயரின் பக்கவாட்டையும் படம் எடுத்து அனுப்புங்கள். மாதம் எவ்வளவு ஓட்டுகிறீர்கள், கடற்பாலத்தைத் தாண்டி மலேசியா போவீர்களா என்று ஒரு வரி சேர்த்தால் போதும். இரண்டு மூன்று டயர்களின் விலையோடு, நாங்களாக இருந்தால் எதைப் போடுவோம் என்பதையும் எழுதிவிடுவோம். விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் கிளம்பும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே வாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்து, "இன்னைக்கு ராத்திரி பினாங்கு போறோம்" என்றால் டயர் மாட்டிவிடலாம், அலைன்மென்ட் பார்க்க வரிசையில் இடம் இருக்காது.

அன்புடன்,
கடை நிர்வாகம்
காக்கி புக்கிட், சிங்கப்பூர்