வெண்கலத் துண்டு வாங்கப் புறப்பட்ட நண்பனுக்கு

யெரெவான்

அன்புள்ள நடராசனுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் மீனாட்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் சென்ற கடிதத்துக்கு நான் பதில் எழுதவே இல்லை. அதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம், ஒன்றும் எடுபடாது. பேரனைப் பள்ளியில் விட்டுவந்த பிறகு மகள் வீட்டில் எனக்கு வேறு வேலையே கிடையாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஆகவே திட்டுவதை எல்லாம் நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். இப்போது நான் பதறியடித்து எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நீ அனுப்பிய புகைப்படங்கள்.

உரார்த்து நாட்டு வெண்கல அரைக்கச்சையின் துண்டு என்று ஒரு வணிகர் உன்னிடம் காட்டியிருக்கிறார். அதில் காளையின் முதுகில் இறகு விரித்த ஓர் உருவம் நிற்கிறது. நீயும் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு, “இது எந்தத் தெய்வம், இந்தச் சின்னத்துக்கு என்ன பொருள் என்று மட்டும் எழுது, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறாய். காளையைக் கண்டால் உன் கை சும்மா இராது என்பதைக் கோபாலனின் வண்டி விவகாரத்திலேயே பார்த்தவன் நான். ஆனாலும் உன் கேள்விக்கு நேரான பதில் ஒன்றுதான்: இந்தத் துண்டை வைத்துக்கொண்டு அதை யாராலும் சொல்ல முடியாது. சொல்பவர் உனக்கு விற்க வந்தவராகத்தான் இருப்பார்.

கோபித்துக்கொள்ளாமல் மேலே படி. உரார்த்து என்பது இன்றைய துருக்கியின் கிழக்கில் இருக்கும் வான் என்னும் ஏரியைச் சுற்றி கி.மு. 9ஆம் நூற்றாண்டில் எழுந்து, அசீரியருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஈடுகொடுத்த மலைநாட்டு அரசு. அதன் தலைமைத் தெய்வம் ஹல்தி. அடுத்த இடம் புயலின் தெய்வமான தெய்ஷெபாவுக்கு. மூன்றாவது இடம் சூரியனான ஷிவினிக்கு. இந்த வரிசையை நான் என் மனம்போல் சொல்லவில்லை. வான் நகருக்கு அருகே மெஹெர் கப்பி என்னும் பாறை மாடத்தில் இஷ்புயினி அரசனும் அவன் மகன் மெனுவாவும் பொறித்த பலிப்பட்டியல் இன்றும் இருக்கிறது. ஹல்திக்கு 17 காளைகள், 34 ஆடுகள். தெய்ஷெபாவுக்கு 6 காளைகள், 12 ஆடுகள். ஷிவினிக்கு 4 காளைகள், 8 ஆடுகள். கணக்குப்பிள்ளை எழுதிய தோரணையில் இப்படியே நெடுந்தூரம் போகிறது. அந்தப் பட்டியலில் ஹல்தியின் ஆயுதத்துக்கும் தனியாகப் பலி உண்டு. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

நான் இங்கு வந்ததிலிருந்து அடிக்கடி போய்வரும் இடம் கார்மிர் ப்ளூர். நகரத்தின் ஓரத்தில், எரிந்த செங்கல்லால் சிவந்த ஒரு மேடு. ருசா என்னும் அரசன் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் கட்டிய தெய்ஷெபைனி கோட்டை அதன் அடியில் கிடந்தது. 1939 முதல் போரிஸ் பியோத்ரோவ்ஸ்கி என்னும் அறிஞர் அதைத் தோண்டினார். மதுச் சாடிகள் நிறைந்த கிடங்கறைகளிலிருந்து வெண்கலக் கேடயங்களும் தலைக்கவசங்களும் அம்பறாத்தூணிகளும் வெளிவந்தன. கோட்டையின் பெயரிலேயே தெய்ஷெபா இருக்கிறார். ஆனால் கேடயங்களின் விளிம்பைச் சுற்றி ஓடும் ஆப்பெழுத்து (ஆப்பு வடிவக் கோடுகளாலான பழைய எழுத்து) வரிகள் ஹல்தியைத்தான் விளிக்கின்றன. “தன் தலைவன் ஹல்திக்கு மெனுவாவின் மகன் அர்கிஷ்தி இந்தக் கேடயத்தைக் காணிக்கையாக்கினான்” என்பது போன்ற வாசகங்கள் அவை. அதோடு, எரெபுனி நகருக்காகச் செய்யப்பட்டவை என்ற குறிப்பும் சிலவற்றில் உண்டு. எரெபுனி என்பது கி.மு. 782இல் அந்த முதலாம் அர்கிஷ்தி நிறுவிய பழைய கோட்டை. இதே நகரத்தின் இன்னொரு குன்றில் இருக்கிறது. பழைய கோட்டையின் கோயில் பொருள்களைப் புதிய கோட்டைக்கு எடுத்துவந்து, ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழையவையாகிவிட்ட அவற்றைப் பூட்டிவைத்துக் காத்திருக்கிறார்கள் என்பது அந்த ஒற்றைக் குறிப்பிலிருந்து தெரிந்தது. யாரோ ஒருவர் இரவில் தோண்டி எடுத்து விற்றிருந்தால், எரெபுனியின் பெயர் எழுதிய கேடயம் தெய்ஷெபைனியின் கிடங்கில் ஏன் கிடந்தது என்ற கேள்வியே எழுந்திராது.

இனி சின்னங்களுக்கு வருகிறேன். அந்தக் கேடயங்களில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டப் பட்டைகள் உள்ளன. பட்டைகளில் சிங்கங்களும் காளைகளும் வரிசையாக நடக்கின்றன. தகட்டைப் பின்புறமிருந்து தட்டிப் புடைக்கச்செய்து, முன்புறத்தில் உளியால் பிடரி மயிரையும் விலா எலும்பையும் தீட்டியிருக்கிறார்கள். வட்டப் பட்டையில் விலங்குகளைச் சுற்றிவர அமைத்தால் பாதி விலங்குகள் தலைகீழாகத் தொங்க வேண்டும் அல்லவா? இங்கே ஒன்றுகூடத் தலைகீழாக இல்லை. மேற்பாதியில் கால்கள் மையத்தை நோக்கியிருக்கின்றன, கீழ்ப்பாதியில் விளிம்பை நோக்கியிருக்கின்றன. எந்தச் சிங்கமும் எந்தக் காளையும் எப்போதும் நிமிர்ந்தே நிற்கிறது. போரில் கையில் சுழலும் கேடயத்துக்கு மேல் ஏது, கீழ் ஏது? சுவரில் நிலையாகத் தொங்கப்போகும் பொருளுக்குத்தான் இந்தக் கவலை. இதைக் கண்டுகொண்ட பிறகு, இவை வீரனைக் காக்கும் மந்திரச் சின்னங்கள் என்ற பேச்சு எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவை கோயிலில் தெய்வத்தின் முன் தொங்கிய, தெய்வத்துக்கே உரிய படைக்கலங்கள். தாங்கியவனின் உடலை அல்ல, உரிமையாளரின் பெயரைத்தான் அந்தச் சிங்கங்கள் காவல்காக்கின்றன என்பது என் துணிபு.

தலைக்கவசங்கள் இன்னும் நுட்பமானவை. இரண்டாம் சர்துரி என்னும் உரார்த்து அரசன் ஹல்திக்குக் கொடுத்த ஒன்றின் முன்பக்கத்தில் 11 புனித மரங்கள் வரிசையாக உள்ளன. ஒவ்வொரு மரத்தின் இருபுறமும் கொம்புள்ள தலையணி தரித்த தெய்வங்கள், தாடியுள்ளவரும் இல்லாதவருமாக நின்று, ஒரு கையை மரத்தை நோக்கி உயர்த்தி, மறு கையில் சிறு வாளியைப் பிடித்திருக்கிறார்கள். மரமும் வாளியும் அசீரிய அரண்மனைச் சுவர்களில் ஏராளமாகக் காணப்படுபவைதான். பகைவனின் ஓவியத்தைக் கடன் வாங்குவதில் உரார்த்தியருக்குக் கூச்சமே இருந்ததில்லை. ஆனால் அந்தக் காட்சியைச் சுற்றி வேலிபோல் வளைந்து நிற்கும் சிங்கத்தலைப் பாம்புகள் அவர்களுடைய கைவரிசை. பக்கங்களிலும் பின்புறத்திலும் தேர்களும் குதிரைவீரர்களும் ஓடுகிறார்கள். நெற்றியில் வழிபாடு, பிடரியில் படை! சர்துரிக்கு முந்திய அரசர்கள் சிலரின் கவசங்களில் இத்தனை கூட்டம் இல்லை; நெற்றியில் வளைந்தெழும் ஒரு புடைப்பு மட்டும் இருக்கும். ஆய்வாளர் பலர் அதை மின்னல் என்பார்கள். மின்னல் தெய்ஷெபாவுக்கு உரியது, கவசமோ ஹல்திக்குக் கொடுக்கப்பட்டது. எனவே ஒரு சின்னத்தைப் பார்த்த மாத்திரத்தில் இன்ன தெய்வம் என்று முத்திரை குத்தும் வழக்கம் இங்கேயே ஆட்டம் காண்கிறது.

உன் காளைக்கும் வருகிறேன், பொறு. பொதுவாக எல்லோரும் சொல்லும் பாடம், சிங்கத்தின் மேல் நிற்பவர் ஹல்தி, காளையின் மேல் நிற்பவர் தெய்ஷெபா, இறகுள்ள வட்டம் ஷிவினி என்பது. உன் வணிகரும் அதை ஒப்பித்து, “தெய்ஷெபா” என்று விலைச்சீட்டில் எழுதியிருக்கிறார். ஆனால் வானுக்கு அருகே மேல் அன்சாஃப் கோட்டையில் ஒக்தாய் பெல்லி என்னும் துருக்கிய அறிஞர் நடத்திய அகழாய்வில் ஒரு கேடயத்தின் சிதைந்த பகுதிகள் கிடைத்தன. அதில் தெய்வங்களே படையாகத் திரண்டு பகைவரைத் துரத்துகிறார்கள். முதலில் வருபவர் எந்த விலங்கின் மேலும் இல்லை. உடலைச் சுற்றித் தழல் எரிய, ஈட்டியோடு கால்நடையாகவே வருகிறார். அடுத்தவர் சிங்கத்தின் மேல். மூன்றாமவர் காளையின் மேல், அவருடன் இறகுள்ள சூரிய வட்டம். நான் மேலே சொன்ன பலிப்பட்டியலின் வரிசையை இதற்குப் பொருத்திப் பார்: ஹல்தி, தெய்ஷெபா, ஷிவினி. அப்படியானால் அங்கே காளைமேல் நிற்பவர் சூரியன்! விலங்கை வைத்து அல்ல, அணிவகுப்பில் நிற்கும் இடத்தை வைத்துத்தான் அவரை அறிய முடிகிறது. உன் துண்டில் முன்னால் நிற்பவரும் இல்லை, பின்னால் வருபவரும் இல்லை. இரண்டு பக்கமும் வெட்டப்பட்டிருக்கிறது. நீ வாங்குவது தெய்ஷெபாவா ஷிவினியா என்று எதை வைத்துத் தீர்மானிப்பாய்?

அந்த ஈட்டியைக் கவனித்தாயா? உரார்த்து அரசர்கள் எந்த வெற்றியைப் பொறித்தாலும், “ஹல்தி தன் ஆயுதத்தோடு புறப்பட்டார்” என்றே தொடங்குகிறார்கள். இன்ன நாட்டை வென்று அரசனின் காலடியில் போட்டார் என்று தொடர்கிறார்கள். அரசன் அதன் பிறகே வருகிறான். போரைச் செய்தவர் தெய்வம் என்றால், கேடயமும் கவசமும் அம்பும் அவரிடமே திரும்பிப் போக வேண்டும் என்பது முறைதானே? அந்த ஆயுதத்துக்குப் பாறையில் தனிப் பலி எழுதிவைத்ததன் நியாயமும் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

இதற்குப் பகைவனே சாட்சி சொல்கிறான். கி.மு. 714இல் அசீரியப் பேரரசன் இரண்டாம் சர்கோன் முசாசிர் நகரில் இருந்த ஹல்தியின் கோயிலைக் கொள்ளையடித்தான். பிறகு தன் தெய்வமான அஷூருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினான். (உன் கடிதத்துக்குப் பதில் எழுத நான் எடுத்துக்கொண்ட காலத்தில் அவன் ஒரு போரையே முடித்து, நானூறு வரிகளுக்கு மேல் களிமண்ணில் எழுதவைத்துவிட்டான் என்பதைச் சொல்லிக்காட்ட வேண்டாம்.) கோயிலின் வலமும் இடமும் தொங்கிய 6 பொற்கேடயங்கள், அவற்றின் நடுவிலிருந்து பல்லைக் காட்டிச் சீறும் நாய்த்தலைகள், அவற்றின் எடை, இவை போக வெண்கலக் கேடயங்கள் 25,212 என்று பட்டியல் நீள்கிறது. எண்ணிக்கை வெற்றிபெற்றவனின் பெருமையடிப்பு என்று வைத்துக்கொள்வோம். சர்கோனின் கோர்சாபாத் அரண்மனையில் இருந்த புடைப்புச் சிற்பத்தின் வரைபடத்திலும் அந்தக் கோயில் முகப்பில் கேடயங்கள் தொங்கத்தான் செய்கின்றன. வான் ஏரிக் கரையில் அயானிஸ் கோட்டையில், நடுவில் சிங்கத்தலை துருத்தி நிற்கும் வெண்கலக் கேடயம் கிடைத்த பிறகு அந்தச் சீறும் தலைகளையும் யாரும் கட்டுக்கதை என்று சொல்வதில்லை. 2024இல் அதே கோட்டையின் கோயில் பகுதியில் இன்னும் 3 கேடயங்களும் ஒரு தலைக்கவசமும் கிடைத்த செய்தியைப் படித்தபோது, நான் சாப்பாட்டு மேசையில் கைதட்டியதைப் பார்த்து மருமகன் பயந்தே போனார்.

இப்போது விளையாட்டை நிறுத்திவிட்டுப் பேசுகிறேன். உரார்த்து வெண்கலங்களில் அருங்காட்சியகங்களிலும் தனியார் கைகளிலும் இருப்பவற்றுள் மிகப் பல, எந்த மண்ணிலிருந்து வந்தவை என்று தெரியாதவை. பண்பாட்டுச் சொத்துகளின் கள்ளக் கடத்தலைத் தடுக்க யுனெஸ்கோ உடன்படிக்கை வந்தது 1970இல். மறு ஆண்டே வான் பகுதியில் கியிம்லி என்னும் ஊரில் காணிக்கைத் தகடுகளின் பெரும் புதையல் வெளிப்பட்டு, கைமாறிக் கைமாறி உலகெங்கும் சிதறிப்போனது. ஆஸ்கர் வைட் மஸ்கரெல்லா என்னும் அறிஞர் இப்படிப்பட்ட பொருள்களைச் சான்றாகக் கொள்ளவே கூடாது என்று வாழ்நாள் முழுதும் சண்டை போட்டார். நீண்ட அரைக்கச்சைகளைப் பலருக்கு விற்பதற்காகத் துண்டு துண்டாக வெட்டுவதும், வெறுமையான பழைய தகட்டில் புதிதாகத் தெய்வத்தைக் கீறி விலையேற்றுவதும் அந்தச் சந்தையில் நடப்பவைதாம்.

உன் இரண்டாவது புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார். இடது ஓரம் ஒடிந்தும் அரித்தும் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது; அது இயல்பு. வலது ஓரம் அளவுகோல் வைத்தாற்போல் நேராக இருக்கிறது, அதன் வெட்டுமுகத்தில் களிம்பே இல்லாமல் உலோகம் மின்னுகிறது. அதை வெட்டியது உரார்த்துக் கம்மியன் அல்ல. மறு பாதி வேறு எவரோ ஒருவரிடம் வேறொரு விலைச்சீட்டோடு இருக்கும். அரைக்கச்சைகள் பெரும்பாலும் கல்லறைகளில் இருந்தவை. கோயில் கேடயங்களைப் போல் அல்லாமல் மனிதர் இடுப்பில் கட்டி, இறந்தபின் உடன் புதைக்கப்பட்டவை. அப்படியானால் அந்தக் காளையும் இறகும் கோயிலில் பெற்ற அதே பொருளைத்தான் கல்லறையிலும் பெற்றனவா? அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய எல்லாம், யாருடைய எலும்பு, அருகில் என்ன கலம், எந்தப் பக்கம் தலை என்பதெல்லாம், துண்டை எடுத்தவன் தூக்கியெறிந்த மண்ணோடு போய்விட்டன. ஒன்று, இது போலி. உன் பணம் போகும். அல்லது உண்மையானது, அப்போது ஒரு கல்லறையைக் கலைத்ததற்கு நீ கூலி கொடுத்தவனாவாய். எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எனவே, மீதிப் பணத்தை அனுப்பாதே. எந்த நாட்டிலிருந்து, எந்த ஆண்டில், எந்த ஏற்றுமதி உரிமத்தோடு இது வெளியே வந்தது என்று எழுத்தில் கேள். “ஒரு பழைய ஐரோப்பியச் சேகரிப்பிலிருந்து” என்ற வழக்கமான பதில் வந்தால், அதற்கான தாளைக் காட்டச் சொல். முன்பணம் திரும்பி வராமல் போனால் மீனாட்சியிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை என்பது உன் கடிதத்தின் நடையிலேயே தெரிகிறது.

உனக்கு உண்மையிலேயே காளை வேண்டுமென்றால் செப்டம்பரில் இங்கு வா. குடியரசுச் சதுக்கத்து அருங்காட்சியகத்தில் நாள் முழுதும் உன்னை உட்காரவைக்கிறேன். பாலுவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததா என்று எழுது. அவன் எனக்கு எழுதமாட்டான், காரணம் உனக்கே தெரியும். வணிகரின் பதில் வந்ததும் அதை அப்படியே எனக்கு அனுப்பு.

உன்,
கதிரேசன்