தலைவர் அண்ணனுக்கு: போலீஸ் ரிப்போர்ட்டுக்கு முன்னால்

ஆலயத் தலைவர் அண்ணனுக்கு வணக்கம்.

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) பிள்ளைகளுக்கு நம் கோயில் நடத்தும் பரிசளிப்பு விழா அழைப்பிதழில், பேச வரவிருந்த நம் தோட்டத்துப் பேராசிரியரின் பெயர்மேல் வெள்ளைத்தாள் ஒட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். நம்மைக் குறைசொல்லி அவர் இணையத்தில் எழுதிய கட்டுரைகள்தான் காரணம். எங்கள் வீட்டுக்கு வந்ததில் பசை சரியாகப் பிடிக்கவில்லை. ஓரம் தூக்கிக்கொண்டு 'முனைவர்' என்பது மட்டும் எட்டிப் பார்க்கிறது. அதோடு விட்டிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். விழா உங்களுடையது, யாரைக் கூப்பிடுவது என்பதும் உங்கள் விருப்பம். ஆனால் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் "அந்த ஆள்மேல் போலீசில் ரிப்போர்ட் போடணும்" என்று ஒருவர் எழுத, கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நீங்கள் தலைவர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் இதை எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

அவருடைய இணையத்தளத்தில் இருக்கும் அந்தக் கட்டுரைகளை முழுக்கப் படித்தேன். குழுவில் கொதித்தவர்கள் வெட்டி அனுப்பிய நாலு வரிக்கு மேல் படித்த மாதிரி தெரியவில்லை. தோட்டம் கைமாறியபோது வீடு கேட்க வேண்டியவர்கள் தலைவர்களுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று எழுதியிருக்கிறார். தேர்தல் வந்தால் அரிசி மூட்டை, முடிந்தால் மூட்டையும் இல்லை என்று எழுதியிருக்கிறார். சுருக்கென்று குத்துகிறது, வாஸ்தவம். குத்துவது குற்றமா?

இன்னொரு கட்டுரையில் பழைய கிராணி (தோட்ட எழுத்தர்) ஒருவரைப் பெயர் சொல்லி, தொழிலாளர் பணத்தைத் தின்றார் என்கிறார். ஆதாரமாக ஒரு காகிதமும் காட்டவில்லை. அந்தப் பெரியவர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். பதில் எழுத அவரால் முடியாது. இதில் நான் உங்கள் பக்கம்தான் அண்ணே. ஆட்சியை, கட்சியை, கோயில் நிர்வாகத்தை என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரு தனி மனிதனைத் திருடன் என்று சொன்னால் நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பத்தியை எடுக்க வேண்டும். அதற்கு அவதூறு வழக்கு என்று ஒரு வழி இருக்கிறது. பினாங்கின் முன்னாள் துணை முதல்வர் பேராசிரியர் இராமசாமி விஷயம் உங்களுக்குத் தெரியும். மதபோதகர் ஜாகிர் நாயக் தொடுத்த அவதூறு வழக்கில் 15 இலட்சத்து 20 ஆயிரம் ரிங்கிட் கொடுக்கச் சொல்லி 2023இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்பது வேறு பேச்சு. பாதிக்கப்பட்டதாகச் சொன்னவரே வழக்குப் போட்டார் என்பதுதான் இங்கே கணக்கு. அடுத்த வீட்டுக்காரன் போலீசுக்கு ஓடவில்லை.

ரிப்போர்ட் போட்டால் எந்தச் சட்டம் வரும் என்று யோசித்தீர்களா? 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு வரலாம். இல்லாவிட்டால் 1948ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டம். 1948 என்றால் சுங்கை சிப்புட்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்திலும் வெள்ளைக்காரத் துரைமார்கள் சுடப்பட்டு அவசரகாலம் பிறந்த வருஷம். அதே வருஷத்தில் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டத்தை, நம் தோட்டத்துப் பால்மரக்காட்டில் (ரப்பர் தோட்டத்தில்) பிறந்த பையன்மேல் நாமே எடுத்து வீசப் பார்க்கிறோம்.

அஸ்மி ஷாரோம் என்ற மலாயாப் பல்கலைக்கழகச் சட்ட விரிவுரையாளருக்கு என்ன நடந்தது? 2009இல் நம் பேராக் மாநிலத்தில் நடந்த ஆட்சி மாற்றத்தைப் பற்றி ஒரு செய்தித்தளத்துக்குக் கருத்துச் சொன்னார். அவருடைய துறையே அதுதான். 2014 செப்டம்பரில் தேச நிந்தனைக் குற்றச்சாட்டு. சட்டமே செல்லாது என்று வாதாடினார். செல்லும் என்று 2015 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2016 பிப்ரவரியில் அரசுத் தரப்பே வழக்கைக் கைவிட்டது. குற்றவாளி இல்லை, சரி. அந்த ஒன்றரை வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

இன்னொன்றையும் ஞாபகப்படுத்துகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 2007இல் ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் உதயகுமார் பிரிட்டிஷ் பிரதமருக்கு எழுதிய கடிதம் ஓர் இணையத்தளத்தில்தான் வந்தது. அதற்காகத் தேச நிந்தனை வழக்கு, 2013இல் சிறை. அவர் பேருக்கு இதே கோயிலில் அர்ச்சனைத் தட்டு எடுத்துவந்தவர்களில் நீங்களும் ஒருவர். அன்றைக்கு அது பேச்சுரிமை. இன்றைக்கு நம்மைக் குத்தியதும் ரிப்போர்ட்டா?

"அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவருக்கு அரசியல் எதற்கு?" என்று செயலாளர் கேட்டதாகச் சொன்னார்கள். கேள்வியில் சத்து இல்லாமல் இல்லை. அரசுப் பல்கலைக்கழகங்கள் உட்படச் சட்டப்பூர்வ அமைப்புகளின் ஊழியர்களைக் கட்டுப்படுத்த 605ஆம் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதை மீறினாரா என்று பார்க்க வேண்டியது பல்கலைக்கழகம், ஆலய நிர்வாகம் அல்ல. 1974இல் ரப்பர் விலை விழுந்து கெடா மாநிலத்துப் பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் வயிறு காய்ந்து வீதிக்கு வந்தபோது, சைட் உசின் அலி என்ற பேராசிரியர் பாடப்புத்தகத்தோடு நின்றுகொள்ளவில்லை. விசாரணையில்லாமல் அடைத்துவைக்கும் இசா சட்டத்தில் ஆறு வருஷம் உள்ளே இருந்தார். 1975இலேயே பல்கலைக்கழகச் சட்டத்தை இறுக்கினார்கள். பால் வெட்டிப் பிழைத்த நாம் அந்த மனிதரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொன்னதே இல்லை.

அமெரிக்காவில் இதைவிட மோசமான சங்கதி. இண்டியானாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் பெண்களையும் மற்றவர்களையும் இழிவாக எழுதிக்கொண்டிருந்தார். 2019இல் பெரிய ரகளை. அவர் கருத்து கேவலமானது, முட்டாள்தனமானது என்று நிர்வாகமே பகிரங்கமாக அறிவித்தது. ஆனால் வேலையை விட்டு நீக்க முடியாது என்றது. யாரும் அவர் வகுப்பில் கட்டாயம் சேர வேண்டியதில்லை, விடைத்தாளில் மாணவர் பெயர் தெரியாமல்தான் அவர் மதிப்பெண் போட வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. அவர்கள் சட்டம் வேறு, நம் அரசியலமைப்பின் 10ஆவது பிரிவு அவ்வளவு இடம் கொடுக்காது. ஆனாலும் யாருக்குக் கெடுதல் வரும் என்று பார்த்து அங்கே மட்டும் வேலி போட்டார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்தது.

பக்கத்துச் சூராவையோ (தொழுகைக்கூடம்) அடுத்தவர் சாமியையோ இழித்து ஒரு வரி எழுதியிருந்தால், வெள்ளைத்தாளை நானே வாங்கி வந்திருப்பேன். அப்படி எதுவும் அங்கே இல்லை.

ஆகவே அண்ணே, ரிப்போர்ட் வேண்டாம் என்று இன்றைக்கே குழுவில் ஒரு வரி போடுங்கள். விழாவில் அவரைப் பேசவிடுங்கள், முடிந்ததும் அரை மணி நேரம் கேள்வி நேரம். மாலை போட்ட கதையை மறுக்க உங்களிடம் அந்தக் காலத்து மகஜர் நகல் இருந்தால் எடுத்து வாருங்கள், முகத்துக்கு நேராக நீட்டுங்கள். சரி என்றால் அவருக்கு நானே போன் போடுகிறேன். முதலில் கிராணி பற்றிய பத்தியைத்தான் கேட்பேன்: ஆதாரம் காட்டு, இல்லை எடு. அதற்கு அவர் மசியவில்லை என்றால் விழாவுக்கு வேறு ஆளைப் பாருங்கள், நான் வாய் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
முன்னாள் பால்மரத் தொழிலாளியின் மகன், சுங்கை சிப்புட்