வாசனை மாறினால் இனம் பிரியுமா?

அன்புள்ள சிவாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. என் வாழ்த்தை மறக்காமல் சொல். இங்கே எல்லோரும் நலம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆசை தீரப் படிக்க முடிகிறது.

கடிதத்தின் கடைசியில், மலையோ கடலோ குறுக்கே இல்லாமல் ஒரே இடத்தில் பறந்து திரியும் பூச்சி எப்படி இரண்டு இனமாகப் பிரியும் என்று கேட்டிருந்தாய். வாசனையால் பிரியலாம் என்பதுதான் என் பதில். ஆனால் வாசனை மட்டும் போதாது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

ஐரோப்பிய மக்காச்சோளத் தண்டுத்துளைப்பானை எடுத்துக்கொள். பெண் அந்துப்பூச்சி ராத்திரியில் ஓர் இலையில் உட்கார்ந்து, வயிற்றின் நுனியை உயர்த்தி, உள்ளே மடங்கியிருக்கும் சுரப்பியை வெளியே நீட்டுகிறது. அதிலிருந்து காற்றில் கலக்கும் பெரோமோன், அதாவது இணையை அழைக்கும் வாசனைப்பொருள், நானோகிராம் கணக்கில்தான். அது எட்டும் தூரத்தில் ஆண் இருந்தால் காற்றை எதிர்த்து வளைந்து நெளிந்து பறந்து வரும். வாசனை அறுந்தால் அங்கேயே இடமும் வலமுமாக வீசிப் பறந்து தேடும். மறுபடி அகப்பட்டதும் முன்னேறும்.

இந்தப் பூச்சியில் இ, இசட் என்று இரண்டு பிரிவுகள் உண்டு. இரண்டும் சுரப்பது ஒரே வேதிப்பொருளைத்தான். அணுக்களும் அவற்றின் எண்ணிக்கையும்கூட ஒன்றே. மூலக்கூறின் வடிவத்தில் மட்டும் இரண்டு வகை. ஒன்று கிட்டத்தட்ட நேராக இருக்கும், மற்றது ஓரிடத்தில் வளைந்திருக்கும். இசட் பிரிவுப் பெண்ணின் கலவையில் வளைந்த வகை சுமார் 97 சதவீதம். இ பிரிவில் நேரான வகை சுமார் 99 சதவீதம். ஆண்கள் பெரும்பாலும் தங்கள் பிரிவின் கலவையைத் தேடித்தான் போகின்றன. ஆய்வுக்கூடத்தில் இரண்டையும் சேர்த்துவிட்டால் இணைகின்றன, குஞ்சுகளும் நன்றாக வளர்ந்து இனம் பெருக்குகின்றன. வெளியிலோ அக்கம்பக்கத்தில் பறந்தும் அதிகம் கலப்பதில்லை. ஒரு கலவையின் விகிதம் இவ்வளவு செய்கிறதே என்று எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

இங்கேதான் முடிச்சு. பெண்ணின் கலவை மாறினால் அதைத் தேடி எந்த ஆண் வரும்? ஆணின் விருப்பம் மாறினால் அதற்கு எந்தப் பெண் கிடைக்கும்? வழக்கத்திலிருந்து விலகியவருக்குச் சந்ததி இல்லாமல் போக வேண்டும். அப்படியானால் இந்தச் சமிக்ஞை மாறவே கூடாது. இரண்டையும் ஒரே மரபணு ஆட்டிவைக்கிறதோ என்று பார்த்தால், அதுவும் இல்லை. பெண்ணின் கலவையைத் தீர்மானிக்கும் நொதியின் மரபணு 2010இல் தெரியவந்தது. ஆணின் விருப்பத்துக்குக் காரணமான மரபணு 2021இல். இரண்டும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருக்கின்றன.

முடிச்சை அவிழ்க்க எனக்கு மிகவும் உதவியது இதன் ஆசிய உறவுக்காரப் பூச்சி. அதன் பெரோமோனில் இரட்டைப் பிணைப்பு, அதாவது இரண்டு கார்பன் அணுக்கள் இரட்டையாகக் கோத்திருக்கும் இடம், ஓரிடம் தள்ளி அமைந்திருக்கிறது. அதை உண்டாக்கும் நொதிக்கான மரபணு ஐரோப்பியப் பூச்சியிலும் இருக்கிறது, செயல்படாமல் உறங்குகிறது. அது விழித்துக்கொண்டால் ஒரே தலைமுறையில் கலவை மாறிவிடும். சரி, யார் வருவார்கள்? ஐரோப்பிய ஆண்களிலேயே மிக அபூர்வமாகச் சில, ஆசியக் கலவையைத் தேடியும் பறக்கின்றன. 2002இல் வந்த இந்த முடிவுதான் என்னைக் கட்டிப்போட்டது. எல்லா ஆண்களும் மாற வேண்டியதில்லை. கொஞ்சம் தாராள மனசுள்ள சில ஆண்கள் முன்பே இருந்தால் போதும்.

நசோனியா என்ற சின்னஞ்சிறு குளவி வேறு வழி காட்டுகிறது. அங்கே வாசனை விடுவது ஆண். ஓர் இனத்து ஆண்களிடம் மட்டும் கூடுதலாக ஒரு பொருள் இருக்கிறது. நெருங்கிய உறவினத்துப் பெண்கள் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. ஆக, புதிய பொருள் முதலில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் வந்து சேர்ந்திருக்க வேண்டும். பெண்கள் அதை அடையாளமாகக் கொண்டது பிறகுதான் என்பது 2013இல் வந்த ஆய்வின் முடிவு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

வாசனை மட்டும் போதாது என்றேனே, அதற்கும் தண்டுத்துளைப்பானே சாட்சி. இரண்டு பிரிவும் சந்திக்கும் சில இடங்களில் அவை கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் பருவமே வேறு. பிரான்சில் ஒன்று மக்காச்சோளத்திலும் மற்றது மாசிபத்திரி இனச் செடியிலும் வளர்கின்றன. பருவம், செடி, வாசனை மூன்றும் ஒரே பக்கம் இழுக்கும்போதுதான் பிரிவு நிலைக்கிறது என்று நினைக்கிறேன். ஒன்று மட்டும் இருந்தால் கலப்பு மெல்ல மெல்ல எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடும்.

இதற்கு நேர் எதிரான சான்று ஒன்றும் உண்டு. 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு வகை ஈஸ்ட்டின் பெரோமோனையும் அதை உணரும் ஏற்பியையும் சேர்த்தே மாற்றினார்கள். மாற்றப்பட்டவை தங்களுக்குள் மட்டும் இணைந்தன, பழையவற்றோடு சேரவில்லை. ஒற்றைச் செல் உயிருக்கு இது போதும் என்றால், பூச்சிக்கு ஏன் போதாது? நீ என்ன நினைக்கிறாய் என்று விரிவாக எழுது.

அடுத்த மாதம் வலது கண்ணில் புரை அறுவைசிகிச்சை. சில நாள் படிக்கக் கூடாதாம். அதற்கு முன்னால் உன் பதில் வந்தால் நல்லது.

அன்புடன்,
இளங்கோ