கடிதம் பிந்தினால் வேலையும் போகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரம் முடித்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குக் கைக்கெட்டிய வேலை தட்டிப்போவது திறமைக் குறைவால் அல்ல. பிறப்புச் சான்றிதழில் ‘லெட்சுமி’, அடையாள அட்டையில் ‘லக்ஷ்மி’ என்றிருந்தால் நேர்முகப் பரீட்சையில் கேள்வி எழும். பெயரைத் திருத்த நாளெடுக்கும். அதுவரை இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக்கடதாசி கையில் இருக்கட்டும்.

அரச வேலை அறிவித்தல்கள் வரும் வெள்ளிக்கிழமை வர்த்தமானியைத் தவறாமல் பாருங்கள். விண்ணப்ப உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முடிவுத் திகதி என்பது பெரும்பாலும் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய நாள், தபாலில் போடும் நாளல்ல.

கொழும்புக் கடை வேலைக்குப் புறப்படுமுன், ஒரு வருடத்தில் அங்கே என்ன தொழில் பழகுவோம் என்று கேட்டுப் பாருங்கள். சம்பளத்தைவிட அது முக்கியம். மின்னிணைப்போ தையலோ ஏற்கெனவே செய்பவர்கள், அந்த அனுபவத்தை மதிப்பீட்டில் காட்டியே தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறலாம்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. நேர்முக அழைப்பு தோட்டக் காரியாலயத்தில் கிடந்து, நாள் கடந்தபின் வருகிறது. வரும் கடிதங்களை அன்றன்றே வீட்டில் சேர்ப்பிக்கத் தோட்ட நிர்வாகங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

பல்கலைக்கழக மாணவி,
ஹட்டன்.