மடிக்கணினியோடு மீட்பு வட்டும் தரப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகள் திறக்கும் இந்த வாரங்களில் மடிக்கணினிக் கடைகளில் கால் வைக்க இடமில்லை. பை இலவசம், மவுஸ் இலவசம், வட்டியில்லாத் தவணை என்றெல்லாம் அடுக்குகிறவர்கள், வாங்குபவருக்கு என்றேனும் ஒரு நாள் கட்டாயம் தேவைப்படப்போகும் ஒன்றைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. கணினி படுத்துவிட்டால் விண்டோஸை மீண்டும் ஏற்றுவதற்கான மீட்பு வட்டைத்தான் சொல்கிறேன்.

2009இல் நான் வாங்கிய மடிக்கணினியோடும் வட்டு வரவில்லை. ஆனால் மீட்பு வட்டுகளைத் தயாரித்துக்கொள்ளும்படி திரையில் ஓர் அறிவிப்பு தோன்றி, தயாரித்து முடிக்கும் வரை நச்சரித்துக்கொண்டே இருந்தது. மூன்று வெற்று டிவிடிகள் வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து பதிவு செய்து, மார்க்கர் பேனாவால் 1, 2, 3 என்று எண்ணிட்டு வைத்தேன். மூன்று ஆண்டுகள் கழித்து வைரஸ் புகுந்து எல்லாம் குழம்பியபோது அவைதான் கைகொடுத்தன. இப்போதைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் டிவிடி செருகும் இடமே கிடையாது. அதோடு அந்த நச்சரிப்பும் போய்விட்டது.

மீட்புக் கோப்புகள் இன்றும் உண்டு. ஆனால் அவை கணினியில் இருக்கும் அதே எஸ்எஸ்டியின் (விண்டோஸும் நம் கோப்புகளும் சேமிக்கப்படும் உள்வட்டின்) ஒரு மூலையில் மறைவாக வைக்கப்பட்டிருக்கின்றன. விண்டோஸ் மட்டும் கெட்டுப்போனால் அவை உதவும். எஸ்எஸ்டியே போய்விட்டால், மாற்றுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். பழைய ஹார்டு டிஸ்க்காவது பல நேரங்களில் கரகரவென்று ஓசை எழுப்பி எச்சரிக்கும். எஸ்எஸ்டி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடக்கூடியது.

பொறியியல் இறுதியாண்டு படித்த என் பேத்தியின் மடிக்கணினி, வாங்கிய ஒன்பதாவது மாதத்தில் அப்படித்தான் நின்றது. உத்தரவாதக் காலம் என்பதால் சேவை மையத்தில் புதிய எஸ்எஸ்டியை இலவசமாகவே பொருத்தினார்கள்; ஆனால் அதில் ஒன்றுமே இல்லை. விண்டோஸ் ஏற்றத் தனிக் கட்டணம் கேட்டார்கள். உள்ளே இருந்த கோப்புகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற வரியை, உத்தரவாத அட்டையின் பின்புறத்தில் கடுகு எழுத்தில் அன்றுதான் படித்தேன். பேராசிரியர் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்திருந்த அச்சுப் பிரதி ஒன்று தப்பியதால், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புராஜெக்ட் அறிக்கை முழுவதையும் அந்தப் பெண் மறுபடி தட்டச்சு செய்தாள்.

இத்தனைக்கும் இதைத் தவிர்க்க ஒரு மாலைப் பொழுது போதும். 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றைச் செருகி, விண்டோஸின் தேடல் பெட்டியில் ‘ரெக்கவரி டிரைவ்’ என்று தேடித் திறந்து, கணினியின் கோப்புகளையும் சேர்த்துப் பதியச் சொல்லும் கட்டத்தில் குறியிட்டால், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதால் புதிதாக ஒன்று வாங்குவதே நல்லது. நம் படங்களும் பாடக் குறிப்புகளும் இதில் சேராது. அவற்றைத் தனி வெளிவட்டில் நகலெடுக்க வேண்டும். நகலெடுத்ததும் அந்த வட்டைக் கழற்றிவிட வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2017 மே மாதம் உலகையே கலக்கிய வான்னாகிரை போன்ற, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டு மிரட்டும் மென்பொருள்கள், செருகியே கிடக்கும் வெளிவட்டையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தவுடன் உள்ளிருக்கும் எஸ்எஸ்டி தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது; அதாவது, உரிய சாவியின்றி யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. மதர்போர்டை மாற்றினாலோ வேறு சில கோளாறுகளின்போதோ, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டுத் திரை நின்றுவிடும். அந்த எண் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும் என்றாலும், கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவர் கடைப் பையன், கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை என்ற நிலையில்தான் பல வீடுகள் இருக்கின்றன. எண்ணை ஒரு தாளில் எழுதி, வங்கிப் பாஸ்புக் இருக்கும் பீரோவில் வைப்பது ஒன்றும் பழமையான யோசனை அல்ல.

ஐம்பதாயிரம் ரூபாய்க்குப் பொருள் விற்கும் நிறுவனங்கள், சில நூறு ரூபாய் பெறும் பென் டிரைவில் மீட்புக் கோப்புகளைப் பதிந்து பெட்டிக்குள் வைத்துத் தரலாம். அது முடியாதென்றால், விற்பனையாளர் வாங்குபவரின் கண்முன்னே அதைத் தயாரித்துக் கொடுப்பதையாவது வழக்கமாக்க வேண்டும். 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது நான் தலைமையாசிரியராக இருந்தேன். தண்ணீர் படாமல், கீழே போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மாணவர்களிடம் மேடையில் பேசினேனே தவிர, காப்பு நகல் என்ற சொல்லையே உச்சரிக்கவில்லை. இனி மடிக்கணினி வழங்கும் விழாக்களில், பெட்டியை மாணவர் கையில் கொடுக்கும் முன் ஆசிரியர் ஒருவர் அரை மணி நேரம் ஒதுக்கி இதைத் திரையில் செய்து காட்டும்படி கல்வித் துறை ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
காரைக்குடி.