முகத்தில் தழும்போடு வகுப்புக்குத் திரும்பும் பிள்ளை: கொழும்புப் பாடசாலைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களே, வகுப்பாசிரியர்களே,

சுடுதண்ணீரிலோ குப்பி விளக்கிலோ முகம் எரிந்த பிள்ளை, பல கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு உங்கள் வகுப்புக்குத் திரும்புகிறது. அது தொடர்ந்து வருமா, வீட்டோடு நின்றுவிடுமா என்பது பெரும்பாலும் முதற்கிழமையிலேயே தெரிந்துவிடும்.

பிள்ளை வருவதற்கு முந்தின நாளே வகுப்போடு பேசிவிடுங்கள். அதற்கு முன் பிள்ளையிடமும் தாய் தகப்பனிடமும் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று கேளுங்கள். விபத்து எப்படி நடந்தது என்பது சில வீடுகளில் வாசல் தாண்டாத விஷயம், தோண்ட வேண்டாம். வகுப்புக்கு மூன்று வசனம் போதும்: இது எரிகாயத் தழும்பு, தொற்றாது, முன்பு உங்களோடு விளையாடிய அதே பிள்ளைதான். பிறகு கேள்வி கேட்க விடுங்கள். அன்றே கேட்டுத் தீர்த்துவிட்டால் இடைவேளையில் சுற்றிநின்று கேட்பது குறையும். காலைக் கூட்டத்தில் பிள்ளையை மேடையேற்றி "எல்லாரும் அன்பா நடக்கவேணும்" என்று சொல்லாதீர்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், ஆனால் பாடசாலை முழுவதின் கண்ணும் ஒரே நேரத்தில் அந்த முகத்தில் விழுகிறது. "பாவம்" என்ற சொல்லும் வேண்டவே வேண்டாம்.

பிள்ளையின் வாயிலும் ஒரு பதில் தயாராக இருக்கவேண்டும். "சுடுதண்ணி ஊத்துப்பட்டது. இப்ப நோகாது. நேற்று மெச் பாத்தியா?" நடந்ததைச் சொல்வது, பயத்தைப் போக்குவது, பேச்சை மாற்றுவது. 18 வயதில் கார் விபத்தில் முகம் எரிந்த ஜேம்ஸ் பாட்ரிட்ஜ் 1992இல் பிரித்தானியாவில் தொடங்கிய சேஞ்சிங் ஃபேசஸ் அமைப்பு பழக்கும் முறை இது. மூன்றாவது துண்டை விட்டால் அடுத்த கேள்வி வந்து விழும். வீட்டில் உரத்துச் சொல்லிப் பழகினால்தான் வகுப்பில் வாயில் வரும்.

சில பிள்ளைகள் தழும்பு தடிக்காமலிருக்க அழுத்த முகமூடி போடுவார்கள். நாளுக்கு 23 மணித்தியாலம், மாதக்கணக்கில். சாப்பிடவும் கழுவவும் மட்டுமே கழற்றலாம். கொழும்பு வெக்கையில் உள்ளே வியர்த்து அரிக்கும். அந்த நேரம் கழற்றுவது குழப்படியல்ல: மின்விசிறிக்குக் கீழே இடம் கொடுங்கள், கேட்காமலே எழும்பிப்போய் முகம் கழுவ விடுங்கள். புதுத் தழும்பு வெயிலில் கறுத்துவிடும். விளையாட்டை நிழலுக்கு மாற்றுங்கள், பிள்ளையை விளையாட்டிலிருந்து ஒதுக்காதீர்கள். வகுப்புப் படத்தில் எங்கே நிற்பது என்பதை அதுவே சொல்லட்டும்.

இலங்கையில் அங்கவீனர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனத்தைக் காட்டிப் பாடசாலை அனுமதியை மறுப்பதைத் தடுக்கிறது. ஆனால் தன் அன்றாடத் தேவைகளைத் தானே நிறைவேற்ற முடியாதவரையே அது அங்கவீனர் என்கிறது. ஓடவும் எழுதவும் முடிந்த, முகத்தில் மட்டும் தழும்புள்ள பிள்ளை அந்த வரைவிலக்கணத்துக்குள் எளிதில் வராது. பிரித்தானியாவின் 2010 சமத்துவச் சட்டம் கடுமையான உருச்சிதைவையும் அங்கவீனமாகவே கணக்கிடுகிறது. இங்கே அந்தக் காப்பு வரும்வரை உங்கள் பாடசாலையின் ஒழுக்க விதிகள்தான் அந்தப் பிள்ளைக்குக் காப்பு. முகத்தை வைத்துப் பட்டம் தெளிப்பது குற்றம் என்று அதில் தனியாக எழுதுங்கள், ஆசிரியர்களுக்கும் சேர்த்தே.

இப்படிக்கு,
எரிகாயப் பராமரிப்பில் பணிபுரிவோர்,
கொழும்பு